முட்டையில் தொடங்கி டிராகன் வரை: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் புதியவர்களுக்கு

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை இறக்கி, ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "இதுல என்னதான்டா பண்ணணும்?" என்று கேட்டு மூடிவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். கேள்வி நியாயமானதுதான். மற்ற ஆன்லைன் விளையாட்டுகளில் தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு யாராவது நின்று அடுத்த வேலையைக் கையில் திணிப்பார்கள். இங்கே அப்படி ஒருவரும் வரமாட்டார்கள். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், கோழி அடிக்கலாம், சும்மா கோட்டை வாசலில் நின்று வேடிக்கையும் பார்க்கலாம். நாமே ஒரு இலக்கை வைத்துக்கொள்ளாவிட்டால் இரண்டாம் நாளே சலித்துவிடும்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இலக்கு வைக்கிறேன்: 'டிராகன் ஸ்லேயர்' என்ற குவெஸ்டை, அதாவது கதையோடு வரும் ஒரு வேலையை, முடிப்பது. காசு கட்டாத இலவசக் கணக்கிலேயே இதை முடித்துவிடலாம். போகிற வழியில் விளையாட்டின் முக்கால்வாசி அடிப்படைகள் தானாகப் பழகிவிடும்.

ஆட்டத்தின் பூர்வீகம் சுருக்கமாக. ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் கவர் சகோதரர்கள் கைவண்ணத்தில் வெளிவந்தது. ப்ரவுசரிலேயே ஓடியதால், எதையும் இன்ஸ்டால் செய்யவிடாத ப்ரவுசிங் சென்டர்களிலும் ஆட முடிந்தது. எனக்கு அறிமுகமானதும் அப்படித்தான், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து. பிறகு அது மாறிக்கொண்டே போக, பழைய ஆட்டம்தான் வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். ஆட்டத்தை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 ஆகஸ்ட் மாதத்து பேக்கப்பைத் தூசிதட்டி எடுத்து, 2013 பிப்ரவரியில் 'ஓல்ட் ஸ்கூல்' என்ற பெயரில் தனியாக விட்டது. பெரிய புதுச் சேர்க்கைகள் வருவதற்கு முன் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்துவது இன்றும் வழக்கம். 2018 அக்டோபரில் மொபைலுக்கும் வந்தது. கம்ப்யூட்டரில் விட்ட இடத்திலிருந்து அதே கணக்கில் பஸ்ஸில் தொடரலாம்.

கணக்கு திறப்பதும் முதல் பூட்டும்

மொபைலில் ஆடுவதானால் ஆப் ஸ்டோரிலிருந்தும், கம்ப்யூட்டரில் ஆடுவதானால் ஜாகெக்ஸின் சொந்தத் தளத்திலிருந்தும் மட்டும் இறக்குங்கள். கணக்கு திறந்த கையோடு இரண்டு கட்ட சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். "என்கிட்ட என்ன இருக்கு திருடறதுக்கு" என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து இருக்கும், அப்போது ஞாபகம் வராது.

முதலில் இறங்குவது டுட்டோரியல் தீவு. மீன்பிடிப்பதிலிருந்து மந்திரம் போடுவதுவரை ஒவ்வொருவராகச் சொல்லித்தருவார்கள். அவசரப்பட்டுத் தட்டிக்கொண்டே போகாதீர்கள், அங்கே சொன்னதை வெளியே யாரும் திரும்பச் சொல்லமாட்டார்கள். தீவில் 'அயர்ன்மேன்' என்ற வகையையும் தேர்ந்தெடுக்க வழி உண்டு. அதில் யாரோடும் வாங்கல் விற்றல் கிடையாது, எல்லாம் நம் கையால் சம்பாதித்தது. கேட்க வீரமாக இருக்கும். முதல் கணக்குக்கு வேண்டாம்.

உள்ளே நுழையும்போது 'வேர்ல்டு' பட்டியல் ஒன்று வரும். எல்லாமே ஒரே உலகத்தின் நகல்கள்தான், சர்வர் மட்டும் வேறு வேறு. உங்கள் இணைப்புக்கு வேகமாகப் பதில் தருகிற இலவச வேர்ல்டு எதுவோ அதில் நுழையுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'பிவிபி' என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே தெருவில் நடக்கும்போதே யார் வேண்டுமானாலும் உங்களை அடிக்கலாம். இணைப்பு கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் பாதகமில்லை. இந்த ஆட்டம் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் மூச்சுவிடும், அதை 'டிக்' என்பார்கள். நீங்கள் சொடுக்குவது எல்லாம் அடுத்த டிக்கில்தான் நடக்கும். துப்பாக்கி விளையாட்டுகளைப் போல விரல் வேகம் இங்கே தேவைப்படாது.

முதல் மாலை: லம்பிரிட்ஜ்

தீவை விட்டால் வந்து விழுவது லம்பிரிட்ஜ் கோட்டை. இதுதான் உங்கள் ஊர். செத்தாலும் இங்கேதான் எழுந்திருப்பீர்கள். எங்கே வழி தப்பினாலும் 'ஹோம் டெலிபோர்ட்' மந்திரம் காசில்லாமல் இங்கே கொண்டுவந்து விடும், 30 நிமிடத்துக்கு ஒருமுறை.

கோட்டையின் மேல் மாடியில் பேங்க் இருக்கிறது. பையில் 28 இடங்கள்தான். பேங்கில் தாராளமாக இடம் உண்டு, அதனால் கையில் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிடுங்கள். பேங்க் ஆளிடம் பேசி நாலு இலக்க பின் நம்பரும் இன்றே போடுங்கள். யாராவது கணக்குக்குள் புகுந்தாலும் பேங்கைத் திறக்க முடியாது.

இப்போது கீழே அடுக்களைக்கு இறங்குங்கள். சமையல்காரர் தலையில் கைவைத்து நிற்பார். ஊர்த் தலைவரான டியூக்கின் பிறந்தநாள், கேக் செய்யச் சாமான் இல்லை. முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு கொண்டுவர வேண்டும். பானை அடுக்களையிலேயே கிடக்கும், வாளி அதற்குக் கீழே உள்ள நிலவறையில். முட்டைக்குக் கோழிப்பண்ணை, பாலுக்குக் கறவை மாடு. மாவுக்கு வயலில் ஒரு கதிர் பறித்துக் காற்றாலை உச்சிக்கு ஏறி, தொட்டியில் போட்டு, நெம்புகோலை இழுத்து, மறுபடி கீழே வந்து பானையில் அள்ள வேண்டும். பலர் நெம்புகோலை மறந்துவிட்டுக் கீழே வந்து வெற்றுத் தொட்டியைப் பார்த்து விழிப்பார்கள்.

சின்ன வேலைதான். ஆனால் இந்த ஆட்டத்தின் இயல்பு மொத்தமும் இதற்குள் இருக்கிறது. அம்புக்குறி கிடையாது, பேச்சைப் படித்து, ஊரைச் சுற்றி, நாமே கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனாலும் சின்னச் சின்ன வாக்கியங்கள், நகைச்சுவையும் கலந்திருக்கும். மாட்டிக்கொண்டால் ஆட்டத்தின் விக்கியைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து வருடம் ஆடியவர்களும் அதைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள்.

கையை எங்கே பழக்குவது

சண்டைக்கு முதல் இடம் கோழி. அதற்கு 3 உயிர்ப்புள்ளிதான். அடித்ததும் விழும் இறகுகளை விடாமல் பொறுக்குங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரியும் கோப்ளின்கள், பிறகு மாடுகள். மாட்டுத் தோலையும் சேர்த்து விற்கலாம்.

புதியவர்கள் கவனிக்காத ஒன்று, சண்டைத் தாவலில் இருக்கும் பாணி. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் மூன்று நான்கு பாணிகள் இருக்கும். ஒன்று அடி குறிதவறாமல் விழும் 'அட்டாக்'கை வளர்க்கும், ஒன்று அடியின் பலத்தை, அதாவது 'ஸ்ட்ரெங்த்'தை, மற்றொன்று 'டிஃபென்ஸ்'ஸை. எதையும் மாற்றாமல் விட்டால் ஒன்று மட்டும் வீங்கி மற்றவை குழந்தையாகவே நிற்கும். அட்டாக்கையும் ஸ்ட்ரெங்த்தையும் மாற்றி மாற்றி ஏற்றி, டிஃபென்ஸைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவருவது என் வழக்கம்.

அட்டாக் ஏற ஏற அடுத்த உலோகத்து ஆயுதம் பிடிக்கலாம்: ஸ்டீல் 5, மித்ரில் 20, அடமன்ட் 30, ரூன் 40. வகைகளில் சிமிட்டர் என்ற வளைந்த வாள் நல்லது. 2.4 விநாடிக்கு ஒரு அடி விழும், நீண்ட வாளுக்கோ 3 விநாடி ஆகும். கனத்த இரட்டைக்கை வாளைப் பார்த்து மயங்காதீர்கள், அதைத் தூக்கி இறக்குவதற்குள் எதிரி இரண்டு அடி கொடுத்துவிடுவான். ஒரு முக்கோணமும் மனதில் இருக்கட்டும்: வாள் அம்பை வெல்லும், அம்பு மந்திரத்தை வெல்லும், மந்திரம் வாளை வெல்லும். இரும்புக் கவசம் போட்டால் மந்திரத்துக்கு இன்னும் எளிதாக இரையாவோம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. லம்பிரிட்ஜிலிருந்து வாராக் நகரத்துக்கு முதன்முதலாக நடந்தபோது, ஊருக்குத் தெற்கே ஒரு கல்வட்டம் தெரிந்தது. அழகாக இருக்கிறதே என்று பக்கத்தில் போனேன். கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதிகள் மூன்று பேர் சேர்ந்து முழு இரும்புக் கவசத்தோடு என்னைச் சாய்த்தார்கள். ஆகவே வாராக்குக்குப் போகும்போது அந்த வட்டத்தைச் சுற்றி விலகிப் போங்கள்.

எந்தப் பிராணி அடித்துச் செத்தாலும் விழுந்த இடத்தில் கல்லறை நிற்கும், 15 நிமிடத்துக்குள் ஓடிப்போய்ப் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம். பதற்றப்பட்டுப் பாதி வழியில் மறுபடி சாகாமல் இருந்தால் சரி.

லெவல் ஏற்ற குறுக்குவழி

ஒரே மாட்டை ஆயிரம் தடவை அடிப்பதுதான் வழி என்று நினைத்துக்கொண்டிருந்தால், குவெஸ்ட்கள் பக்கம் திரும்புங்கள். ஆரம்ப லெவல்களில் ஒரு குவெஸ்ட் தருவது பல மணி நேர உழைப்புக்குச் சமம். டிரேனர் கிராமத்து 'வாம்பயர் ஸ்லேயர்' முடித்தால் 4,825 அட்டாக் அனுபவம். புத்தம்புதுக் கணக்காக இருந்தாலும் அதுவே 20-ஆம் லெவலில் கொண்டுபோய் வைத்துவிடும். ரத்தக்காட்டேரிக்கு லெவல் 34, அதனால் சும்மா போய் நிற்காதீர்கள். மர முளையும் சுத்தியலும் இல்லாமல் அதைக் கொல்லவே முடியாது. கையில் பூண்டு இருந்தால் அது பலவீனமாகும். 'தி நைட்ஸ் ஸ்வார்டு' 12,725 கொல்லுப்பட்டறை அனுபவம் தரும், ஒரே தாவலில் 29. 'டோரிக்ஸ் குவெஸ்ட்' சுரங்க வேலையை 10-க்கு ஏற்றும். 'தி ரெஸ்ட்லெஸ் கோஸ்ட்' பிரார்த்தனையை 9-க்கு.

லெவல் கணக்கு எப்படி என்றால், மேலே போகப்போகச் செங்குத்து. 99-க்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அதில் சரிபாதி 92-ஆம் லெவலில்தான் வரும். ஆகவே 99 பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

நமக்கு இப்போது முக்கியம் குவெஸ்ட் பாயின்ட், அதாவது ஒவ்வொரு குவெஸ்டையும் முடிக்கும்போது கிடைக்கும் புள்ளி. டிராகன் ஸ்லேயர் தொடங்க 32 வேண்டும், அதாவது இலவசக் குவெஸ்ட்களில் பெரும்பாலானவை. சண்டையே இல்லாத 'ரோமியோ அண்ட் ஜூலியட்' 5 தரும். கோப்ளின்களுக்குச் சட்டை நிறத்தில் வரும் தகராறைத் தீர்க்கும் 'கோப்ளின் டிப்ளமசி'யும் 5. 'எர்னஸ்ட் தி சிக்கன்' 4. இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே தட்டிவிடுங்கள்.

காசு, சந்தை, ஏமாற்றுக்காரர்கள்

வாராக்கின் வடமேற்கில் இருக்கிறது கிராண்ட் எக்ஸ்சேஞ்ச், உலகத்துக்கே பொதுச்சந்தை. விலை போட்டுவைத்தால் எங்கோ இருப்பவர் வாங்கிக்கொள்வார். இலவசக் கணக்குக்கு ஒரே நேரத்தில் மூன்று பேரம் வைக்கலாம். புதுக் கணக்குக்குச் சில வர்த்தகத் தடைகள் உண்டு. 20 மணி நேர ஆட்டம், 10 குவெஸ்ட் பாயின்ட், மொத்த லெவல் 100, இந்த மூன்றும் சேர்ந்தால் அவை விலகும்.

முதல் பணத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது வாராக்குக்கு மேற்கே உள்ள பார்பேரியன் கிராமம். நடுவில் ஒரு குழி இருக்கும், அதுதான் 'ஸ்ட்ராங்ஹோல்ட் ஆஃப் செக்யூரிட்டி'. நாலு அடுக்கு. ஒவ்வொரு கதவும் கணக்குப் பாதுகாப்பு பற்றி ஒரு கேள்வி கேட்கும், சரியாகச் சொன்னால்தான் திறக்கும். முதல் மூன்று அடுக்கில் 2,000, 3,000, 5,000 என்று மொத்தம் 10,000 நாணயம், கடைசி அடுக்கில் ஒரு ஜோடி பூட்ஸ். உள்ளே உலவும் பிராணிகள் உங்களைவிடப் பெரியவை, நின்று சண்டை போடாமல் சாப்பிட்டுக்கொண்டே ஓடுங்கள். இந்த 10,000-ஐச் செலவழிக்காமல் பேங்கில் போடுங்கள். டிராகன் குவெஸ்டில் ஒருவனுக்கு அச்சாக இதே தொகையைக் கொடுக்க வேண்டிவரும்.

குழிக்குப் பக்கத்து ஆற்றில்தான் கோழி இறகுக்கு வேலை. ஈத்தூண்டில் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், மீன்பிடி லெவல் 20-இல் டிரவுட், 30-இல் சால்மன். இறகுதான் இரை. பக்கத்து மரத்தை வெட்டி, தீ மூட்டி, அங்கேயே சுட்டெடுக்கலாம். டிரவுட் 7 உயிர்ப்புள்ளி தரும், சால்மன் 9. மீன்பிடிப்பு 40 ஆனதும் போர்ட் சாரிம் துறையில் 30 நாணயம் கொடுத்து கரம்ஜா தீவுக்குப் படகேறி லாப்ஸ்டர் பிடிக்கலாம். ஒரு லாப்ஸ்டர் 12 தரும். டிராகனுக்கு எதிரே அதுதான் சாப்பாடு.

இனி மனிதர்கள். சந்தை வாசலில் "காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்பவன் ஒருவன் எப்போதும் இருப்பான். முதல் தடவை சின்னத் தொகையை இரட்டிப்பாக்கியும் தருவான், பெரிய தொகை போனதும் காணாமல் போவான். "உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்க விளிம்பு கட்டித் தருகிறேன்" என்பது இன்னொரு வகை. அப்படி ஒரு வேலையே இந்த ஆட்டத்தில் கிடையாது. இதில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிற நான், இரண்டு மாதம் சேர்த்துவைத்த அடமன்ட் கவசத்தை அப்படித்தான் ஒரு முகம் தெரியாத ஆளிடம் கழற்றிக் கொடுத்தேன். சென்டரில் பக்கத்து நாற்காலிப் பையன் ஒரு வாரம் சிரித்தான்.

மூன்றாவது வகை, "என்னோடு வா, நல்ல இடம் காட்டுகிறேன்" என்று வடக்கே அழைத்துப் போவது. எட்ஜ்வில், வாராக் இரண்டுக்கும் வடக்கே நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதைத் தாண்டினால் 'வைல்டர்னஸ்'. அங்கே ஆட்டக்காரர் ஆட்டக்காரரைக் கொல்லலாம், கொன்றால் பொருள்கள் கொன்றவருக்கு. வழக்கமாக மதிப்புள்ள மூன்று பொருள் மட்டும் நம்மிடம் மிஞ்சும். வடக்கே போகப்போக 'வைல்டர்னஸ் லெவல்' என்ற எண் ஏறும், 20-ஆம் லெவலுக்கு மேலே டெலிபோர்ட் போட்டுத் தப்பவும் முடியாது. போக வேண்டியிருந்தால் இழக்கத் தயாராக உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜாகெக்ஸ் ஆட்கள் என்று சொல்லி யாராவது பாஸ்வேர்டு கேட்டால் பொய். நிஜ ஊழியர் பெயருக்கு முன் சாட்டில் தங்கக் கிரீடம் இருக்கும், அவரும் பாஸ்வேர்டு கேட்கமாட்டார். நிஜப் பணம் கொடுத்து வெளி ஆட்களிடம் நாணயம் வாங்குவது விதிமீறல், கணக்கே போய்விடும்.

சந்தா கட்டலாமா என்று கேட்பீர்கள். கட்டினால் உலகம் பல மடங்கு விரியும், உண்மைதான். 'பாண்ட்' என்ற பொருளை ஆட்ட நாணயத்திலேயே சந்தையில் வாங்கி 14 நாள் சந்தாவாக மாற்றவும் முடியும். என்றாலும் டிராகனை முடிக்கும்வரை கட்டாதீர்கள் என்பேன். அதற்குள் இந்த ஆட்டம் உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

டிராகன்

32 பாயின்ட் ஆனதும் வாராக்கின் தென்மேற்கில் உள்ள சாம்பியன்ஸ் கில்டின் கதவு திறக்கும். கில்டு தலைவர் உங்களை எட்ஜ்வில்லில் இருக்கும் ஓசியாக்கிடம் அனுப்புவார், அவர் கிராண்டார் தீவில் இருக்கும் எல்வார்க் என்ற டிராகனைக் கொன்றுவா என்பார். தீவுக்குப் போக வரைபடம் வேண்டும், கப்பல் வேண்டும், மாலுமி வேண்டும், நெருப்பைத் தாங்கும் கேடயம் வேண்டும்.

வரைபடம் மூன்று துண்டு. ஒன்று மெல்சாரின் மேஸ் என்ற கட்டடத்தில். ஒவ்வொரு நிறக் கதவுக்கும் குறிப்பிட்ட ஒரு பிராணியிடம் சாவி இருக்கும், கடைசியில் லெவல் 82 பூதம் காத்திருக்கும், சாப்பாடு நிறைய எடுத்துப் போங்கள். இரண்டாவது குள்ளர் சுரங்கத்தில் ஒரு மாயக்கதவுக்குப் பின்னால். அது திறக்க பட்டுத் துணி, லாப்ஸ்டர் பிடிக்கும் கூடு, சுடாத மண்கிண்ணம், 'விசார்ட்ஸ் மைண்ட் பாம்' என்ற பானம் நான்கும் வேண்டும். ஒன்றை மறந்தாலும் திரும்ப நடைதான். மூன்றாவது போர்ட் சாரிம் சிறையில் இருக்கும் வார்ம்பிரெய்ன் என்ற கோப்ளினிடம். 10,000 நாணயம் கேட்பான். குழியில் எடுத்த பணம் இவனுக்குத்தான். தூரத்திலிருந்தே அவனைக் கொன்று, மந்திரத்தால் துண்டை இழுத்துக்கொள்வதும் ஒரு வழி, அதற்கு மேஜிக் 33 வேண்டும்.

கப்பல் போர்ட் சாரிம் துறையில் 2,000-க்குக் கிடைக்கும், ஓட்டையோடு. மூன்று பலகை, 90 ஸ்டீல் ஆணி, ஒரு சுத்தியல் கொண்டுபோய் அடையுங்கள். மாலுமி டிரேனரில் கயிறு திரிக்கும் கிழவர் நெட். கேடயம் லம்பிரிட்ஜ் கோட்டையில், முதல் நாள் நீங்கள் கேக் செய்ய உதவினீர்களே, அதே டியூக்கிடம். கேட்டால் சும்மா தருவார். அது இல்லாமல் டிராகன் முன்னால் நின்றால் ஒரே மூச்சில் கருகிப்போவீர்கள். ஒரு கையைக் கேடயம் பிடித்துக்கொள்வதால் இரட்டைக்கை ஆயுதம் உதவாது, சிமிட்டர்தான்.

எல்வார்க் லெவல் 83, உயிர்ப்புள்ளி 80. அட்டாக், ஸ்ட்ரெங்த், டிஃபென்ஸ் மூன்றும் 40-ஐத் தொட்டிருந்தால் நிம்மதியாகப் போகலாம். ரூன் மார்புத்தட்டு இந்தக் குவெஸ்டை முடித்தவர்களுக்கு மட்டும்தான், அதனால் அடமன்ட் மார்புத்தட்டோ ரூன் சங்கிலிக் கவசமோ போட்டுக்கொள்ளுங்கள். பையில் ஒரு பலம் கூட்டும் மருந்து, மீதி இடம் முழுக்க லாப்ஸ்டர் அல்லது ஸ்வார்டுஃபிஷ். உயிர் பாதிக்குக் கீழே இறங்கினால் உடனே சாப்பிடுங்கள், "இன்னும் ஒரு அடி" என்ற ஆசைதான் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது.

தீவுக்குப் போனதும் நேரே அதன் முன்னால் போய் நிற்காதீர்கள். கிராண்டார் குகையிலிருந்து கரம்ஜா எரிமலைக்குப் போகும் ரகசியச் சுவர்க்கதவு ஒன்று இருக்கிறது. முதலில் அதைத் தேடித் திறந்துவிடுங்கள். ஒருமுறை திறந்துவிட்டால், டிராகனிடம் செத்தாலும் மறுபடி கப்பலை அடைத்துக் கிளம்ப வேண்டியதில்லை, கரம்ஜா எரிமலை வழியாகவே உள்ளே நுழையலாம். நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை. இரண்டாம் தடவை இன்னும் மூன்று பலகையும் 90 ஆணியும் வாங்கினேன்.